கூரையில்லாத காருக்குத் தைத்த படுதா

வருஷத்தில் பொங்கலுக்கு மட்டும்தான் எங்கள் கம்பெனியில் சேர்ந்தாற்போல லீவு விடுவார்கள். தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு வருஷம், சனியும் ஞாயிறும் ஒட்டிக்கொண்டு வந்து முழுசாக ஐந்து நாள் கிடைத்தது. ஐந்து நாளும் காலை நீட்டிப் படுத்துத் தூங்குவது என்று ஒரு மாதமாகத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். தூங்கினேனா? எங்கே! அந்த ஐந்து நாளும் ஒரு காருக்குப் படுதா தைத்தேன்.

கம்பெனி மண்ணூர்பேட்டையில். வெளிநாட்டுக்குப் போகிற ஜீன்ஸ் பேண்டுகளுக்குப் பின்பாக்கெட் வைப்பது என் வேலை. காலையில் மெஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை பாக்கெட், பாக்கெட், பாக்கெட். எட்டு வருஷத்தில் ஒரு பேண்டைக்கூட முழுசாகத் தைத்ததில்லை. வீடு அண்ணனூரில். விடிந்ததும் விடியாததுமாக ரயிலைப் பிடித்து, பட்டரவாக்கத்தில் இறங்கி நடக்க வேண்டும். ராத்திரி வந்து சோறு வடிக்கும்போது நின்றபடியே கண் மூடிக்கொள்ளும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பிறகு செய்த ஒரு காரியத்துக்கு இந்த அலுப்பைத்தான் காரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கு வரைக்கும்.

கார் என் வீட்டுக்காரருடையது. வாங்கிய கார் இல்லை, அவரே செய்த கார். அவர் எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலையில் வார்ப்படத்துக்கு மரத்தில் மாதிரி செய்கிற வேலையில் இருந்தார். நூல் பிசகாது அவர் கை. எங்கள் கணக்கில் ஒரு இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அவருக்கு அதில் பாதியே பெரிய தப்பு. ஒருநாள் அந்தத் தொழிற்சாலையின் கேட்டில் பூட்டுத் தொங்கியது, திறக்கவே இல்லை. கூட இருந்தவர்கள் ஆட்டோ ஓட்டப் போனார்கள், டீக்கடை வைத்தார்கள். இவர் ஓடிக் களைத்த ஒரு பழைய டாக்ஸியை வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்.

ஆவடியில் ஒரு பழைய பேப்பர் கடையில் கிடைத்த இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. நீட்டு மூக்கு, இரண்டே சீட்டு, தலைக்கு மேல் ஒன்றும் கிடையாது. வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் காற்று வாங்க ஓட்டிய கார். அந்தப் படத்தை என் முன்னால் வைத்து, "இத்த நான் பண்ணுவேன்மே" என்றார். வேலை போன வருத்தத்தில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்து, "பண்ணு, பண்ணு, நான் பின்னாடி ஒக்காந்துகினு வரேன்" என்றேன். "பின்னாடி சீட்டே கெடையாதுமே" என்று அவர் பதில் சொன்னபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

மூன்று வருஷம். டாக்ஸியின் தகரத்தை எல்லாம் பிரித்து எறிந்துவிட்டு, இன்ஜினையும் சக்கரங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். உடம்புக்கு ஃபைபர். அதற்கு முதலில் அச்சு செய்ய வேண்டும்; அச்சு இருந்தால் அதே மாதிரி எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். ஆள் உயரத்துக்கு இரண்டு பாதியாக அந்த அச்சு பின்சுவரில் சாய்ந்து நின்றது; நான் அதன்மேல் துணி காயப்போட்டேன். ஃபைபரை இறுக வைக்கப் பூசுகிற ரெசினின் நாற்றம் சோற்றில், தலையணையில், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில்கூட ஏறியது. "இது கார் இல்ல, சனியன்" என்று நான் கத்தாத நாள் கிடையாது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கடைசிப் பெயின்ட் அடித்து, கரும்பச்சையில் அது நின்ற அன்றைக்கு எனக்கே வாய் அடைத்துப்போனது. எங்கள் தெருவில் அப்படி ஒரு பொருள் நிற்பதற்கு நியாயமே இல்லை.

செய்து என்ன பண்ணுவது என்று அவர் யோசித்தாரா என்றால், இல்லை. ஓட்டிக்கொண்டு போகப் பேப்பர் கிடையாது. கடைசியில் யாரோ சொல்லி, சினிமாக் கம்பெனிகளுக்கு வண்டி பிடித்துக் கொடுக்கிற ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொன்னார். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை. அவருக்குப் பிடித்துவிட்டால் இந்தக் கார் ஷூட்டிங்குக்குப் போகும், திரும்பி வரும், மறுபடியும் போகும். இதுபோல் இன்னும் செய்யச் சொல்வார்கள். பிடிக்காவிட்டால், வீட்டு ஆணியில் ஒரு காக்கிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கேட் வாட்ச்மேன் வேலை. ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். தன்னிடம் வேலை கற்றவர்கள் ஸ்கூட்டரில் வர, எழுந்து நின்று கேட்டைத் திறந்துவிட வேண்டும். அவர் அந்த ஆணிப் பக்கம் திரும்பாமல் நடமாடினார், அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது, புத்தகத்தைத் திறந்து இன்னொரு பக்கத்தைக் காட்டினார். அதே கார், மழைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். ஆள் உட்காரும் குழியை மட்டும் மூடி, முன்கண்ணாடியிலிருந்து சீட்டின் முதுகு வரை கறுப்பாக ஒரு படுதா, தப்பு மேளத்துக்குத் தோல் கட்டினாற்போல விறைத்து நிற்கிறது. நடுவில் நீளமாக ஒரு ஜிப். பக்கத்துப் படத்தில் அந்த ஜிப்பைத் திறந்து, ஓட்டுகிறவன் பக்கம் மட்டும் மடித்துவிட்டு, பக்கத்துச் சீட்டை மூடியபடியே ஒருவன் ஓட்டிக்கொண்டு போகிறான். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் அது படுதாதான்.

"இது இல்லாம வண்டி முழுசாவாதுமே."

"யோவ், மூணு வருஷமா இதத்தான் சொல்லிகினு கீற. கண்ணாடி இல்லாம முழுசாவாது, லைட்டு இல்லாம முழுசாவாது."

"இது கடைசி."

கரையான்சாவடியில் லாரி சீட்டு, ஜீப் கூரை எல்லாம் தைக்கிற குஷன் கடை ஒன்று உண்டு. சைக்கிளில் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடுற நைனா? நாலு மூலையில ஓட்டை போட்டுக் கயிறு கட்டி உட்டுட்டுப் போ" என்று சொல்லியிருக்கிறார். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம். கறுப்பு ரெக்சினையும் பட்டன்களையும் மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். திரும்பி வந்து, ரெக்சின் சுருளை என் தையல் மெஷின்மேல் வைத்தார். வாயைத் திறந்து கேட்கக்கூட இல்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! வருஷம் பூரா அடுத்தவனுக்குத் தைக்கிறேன், லீவிலும் எனக்கு மெஷின்தானா என்று கேட்டேன். கேட்டுவிட்டு, ரெக்சினைத் தடவிப் பார்த்தேன். நல்ல கனம்.

பிள்ளைகளை ஆவடியில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பொங்கல் அன்றைக்குப் பால் பொங்கியதும் சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தவள்தான். முதலில் அவருடைய பழைய வேட்டியைக் காரின்மேல் விரித்து, ஓரம் ஓரமாகக் குண்டூசி குத்தி அளவு எடுத்தேன். ஸ்டியரிங் வருகிற இடத்தில் துணி தூக்கிக்கொண்டு நின்றது. ரவிக்கைக்கு டார்ட் பிடிக்கிற மாதிரி இரண்டு பக்கம் பிடித்தேன், படிந்துவிட்டது. அவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "எப்பிடிமே?" என்றார். அவருக்குத் தெரியாத ஒரு வளைவு எனக்குத் தெரிந்திருந்தது அவருக்கு ஆச்சரியம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

காலால் மிதிக்கிற வீட்டு மெஷினில் ரெக்சின் தைப்பது லேசு இல்லை. நகரவே நகராது, ஒட்டிக்கொண்டு அதே இடத்தில் தையல் குவியும். முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொட்டிக் கொட்டித்தான் தள்ளினேன். மூன்று ஊசி உடைந்தது. கணுக்கால் வீங்கியது. மாட்டுப்பொங்கல் அன்றைக்கு ரோட்டில் கொம்புக்குப் பெயின்ட் அடித்த மாடுகள் சலங்கையோடு போகிற சத்தம் கேட்டது, எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பை தைக்கிறவர்கள் வாங்குகிற ஜிப்பை நீளமாக வாங்கி நடுவில் வைத்தேன். ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைத்து முடிக்கும்போது வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அன்றைக்குக் காணும் பொங்கல். ஊரே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பீச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. என் பிள்ளைகளும் அக்காவோடு போயிருந்தார்கள்.

இனிமேல் ஒரே ஒரு வேலைதான் மிச்சம். டிச் பட்டன் தெரியுமல்லவா, ஒரு பாதி இங்கே, ஒரு பாதி அங்கே, அழுத்தினால் 'டிச்'சென்று பிடித்துக்கொள்ளும். ஒரு பாதியைப் படுதாவில் அடிக்க வேண்டும். மறுபாதியைக் கார் உடம்பில் ஓட்டை போட்டுத் திருகு வைத்து முடுக்க வேண்டும். முன்னால் எட்டு, பின்னால் பத்து, பக்கத்துக்கு இரண்டு. ஆக மொத்தம் இருபத்திரண்டு ஓட்டை, அந்தக் கரும்பச்சைப் பெயின்டில். போட்டால் போட்டதுதான். தப்பான இடத்தில் போட்டால், பட்டி மாவு பூசிப் பெயின்ட் அடித்தாலும் அம்மை வடு மாதிரித் தெரியும்.

டிரில் மெஷினைக் கையில் எடுத்தவர், சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இன்னா?"

"பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம்."

"இன்னும் அரை மணி கீதுல்ல, போடுய்யா."

"நடுவுல வந்துரும். ஓட்டை போட்றப்ப வந்தா வேணாம்மே. பன்னெண்டுக்கு மேல பாத்துக்கலாம்."

நூலில் பாதியை அளக்கிற மனிதன் இவர். இரும்பு ஸ்கேலை மூன்று தடவை வைத்துப் பார்த்தால்தான் ஒரு கோடு போடுவார். அப்படிப்பட்டவர், ராகு காலத்தில் ஒரு திருகாணியைக்கூட முடுக்க மாட்டார். தொழிற்சாலையில் இருந்தபோதும் அப்படித்தான், புது மரத்தில் முதல் வெட்டு நேரம் பார்த்துத்தான் போடுவாராம். அவரைத் திட்டி நான் என்ன செய்ய? நானும் வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு விளக்கு வைக்கிறவள்தான். "சரி, சுருட்டி வெச்சா மடிப்பு விழும், வண்டி மேலயே விரிச்சி வைய்யி" என்றேன். அந்த வார்த்தை என்னுடையது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். விரித்துவிட்டு, சுவரோரம் சாய்ந்தவள் அப்படியே கண் அசந்துவிட்டேன்.

தை மாத வெயில்தானே என்று நினைக்கக் கூடாது. விடியற்காலையில் போர்வை தேடும், நடுப்பகலில் மண்டை காயும். பன்னிரண்டு மணிக்கு அவர் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு என்னை எழுப்பினார். கறுப்பு ரெக்சின் தொட்டால் கை சுட்டது. முன்வரிசையை அடித்து முடித்துவிட்டு, "இஸ்துப் புடிமே" என்றார். இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. ஒரு சுருக்கம் இல்லை. படத்தில் இருந்ததைவிட விறைப்பாக நின்றது. அந்த அழகில் நான் மயங்கிப்போய், காலை ஊன்றிக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அவர் ஒட்டு டேப்பின்மேல் புள்ளி வைத்து, ஒவ்வொன்றாக ஓட்டை போட்டார். ஃபைபர் தூள் பச்சையாக உதிர்ந்தது. ஒவ்வொரு ஓட்டைக்கும் விரலால் ஒரு தடவை துடைத்தார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டுதான் பிடித்திருந்தேன்.

இருபத்திரண்டும் உட்கார்ந்தது. கடைசிப் பட்டன் 'டிச்' என்றபோது அவர் சிரித்தார். மூன்று வருஷத்தில் நான் பார்த்த முழுச் சிரிப்பு அது ஒன்றுதான். சாயங்காலம் கழற்றி மடிக்காமல் கட்டில்மேல் விரித்து வைத்தோம். நாங்கள் தரையில் படுத்தோம்.

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் அதை எடுத்துக்கொண்டு போய் மாட்டினார். பனி இறங்கி வண்டி நனைந்திருந்தது. முன்வரிசை எட்டும் போட்டார். பின்வரிசைக்கு இழுத்தார். வரவில்லை. என்னைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் இழுத்தோம். படுதாவின் பட்டனுக்கும் காரின் பட்டனுக்கும் நடுவே இடைவெளி. அவர் உள்ளே போய் இரும்பு ஸ்கேலை எடுத்து வந்து மூன்று தடவை வைத்துப் பார்த்தார்.

"நாலு நூல்" என்றார்.

அரை இன்ச். அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொண்டதை எல்லாம் இங்கே எழுத முடியாது. நீ தைத்தது கோணல் என்றார் அவர். நான் தைத்தது கோணலா? நீதான்யா ஓட்டையைத் தள்ளிப் போட்டாய் என்றேன் நான். என் தாய்வீடு வந்தது, அவர் வேலை போனது வந்தது. பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மட்கார்டுமேல் உட்கார்ந்தார். உட்காரக் கூடாது என்று மூன்று வருஷம் பிள்ளைகளை விரட்டிய அதே மட்கார்டு. ஆணியில் தொங்கிய சட்டையைத் திறந்த கதவு வழியாகப் பார்த்தார். முதல் தடவையாக நேருக்கு நேராகப் பார்த்தார்.

சமைக்காமல் அப்படியே கிடந்தோம். பன்னிரண்டு மணி வாக்கில் ஏதோ துணியை எடுக்கப் பின்பக்கம் போனவள், போகிற போக்கில் படுதாவின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். வந்தது. பட்டன் 'டிச்' என்றது. இன்னொன்று. இன்னொன்று. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வெயிலில் ரெக்சின் தளர்ந்து கொடுக்கிறது, குளிரில் சுருங்குகிறது. பத்து மணிக்கே ஓட்டை போட்டிருந்தால் எல்லா வேளைக்கும் சரியாக இருந்திருக்கும். ராகு காலம் போகட்டும் என்று இரண்டு மணி நேரம் வெயிலில் வேகவைத்து அளவெடுத்திருக்கிறோம். நடுப்பகலுக்கு மட்டும் பொருந்துகிற படுதா!

"ராகு நல்லா வேலை காட்டிட்டான்யா" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சினிமா ஆள் வருவது காலை ஏழு மணிக்கு.

ஒட்டுப் போட்டால் தையல் தெரியும். புது ஓட்டை போட்டால் பழைய ஓட்டை தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான் எழுந்து, பொங்கல் வைத்த பெரிய பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சினேன். துண்டுகளைக் கொதிக்கிற தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, படுதாவின் பின்ஓரத்தில் வரிசையாகப் போட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சலுக்கு ஒத்தடம் கொடுத்த கைதானே, சூடு தாங்கும் என்று நினைத்தேன். தாங்கவில்லை, உள்ளங்கை சிவந்து கொப்பளித்தது. துண்டை எடுக்க எடுக்க அவர் பட்டனை அழுத்தினார். பத்தும் உட்கார்ந்தது. ஈரத்தைத் துடைத்துவிட்டு நாங்கள் முகம் கழுவுவதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், வெற்றிலை போட்ட வாய், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். "அண்ணாத்தே, இன்னா வேலை பண்ணிகீற! கையில கண்ணு வெச்சிகினு பொறந்தியா?" என்றார். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி. வந்தவர் விரலை மடக்கிக் காரின் உடம்பைத் தட்டினார். 'டொக் டொக்' என்றது.

"ஃபைபரா?"

"ஆமாங்க. இரும்புல பண்ணியிருக்கலாம், ஆனா..." என்று இவர் சமாளிக்க ஆரம்பித்தார்.

"ஃபைபர்தான் வோணும் நைனா. இரும்புன்னா இன்னாத்துக்கு?" என்றார் அவர். பிறகு படுதாவின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடியும் ஓட்டுகிறவர் பக்கத்தை மட்டும் மடித்துவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "யார் தெச்சது?"

"ஊட்ல" என்று இவர் என்னைக் காட்டினார்.

"அண்ணி, இதுதான் அண்ணி வோணும் எனுக்கு. தோ, இந்தப் பக்கம் ஒரு பொம்மைய ஒக்கார வெச்சிட்டா, அந்தப் பக்கம் உள்ள வெக்கிற பெட்ரோல் டப்பா, கயிறு, ஒண்ணும் கேமராவுல தெரியாது."

எனக்குப் புரியவில்லை. அவர் சாவகாசமாகச் சொன்னார். கதாநாயகனின் அப்பாவைக் கொல்கிற காட்சி. மலைப்பாதையில் வளைவு. கார் மேலிருந்து உருண்டு, கீழே விழுந்து எரிய வேண்டும். "ஒரிஜினல் வெச்சிகினு கீறவன்கிட்ட கேட்டா அடிக்க வர்றான். ஆறு மாசமா தேடிகினு கீறேன். இது தகதகன்னு எரியும், பாத்துக்க."

ஷெட்டுக்குப் போகிற காலி ரயில் ஒன்று மெதுவாக ஊர்ந்து போகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் அவரைப் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பார்த்தார். அது எனக்கு அப்போதே தெரியும். தெரியவில்லை என்று பின்னால் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பொய்.

என் கை எரிந்துகொண்டிருந்தது. ஐந்து நாள் லீவு முடிந்துவிட்டது. மறுநாள் விடியற்காலை ரயில், பாக்கெட், பாக்கெட், பாக்கெட். ரெசின் நாற்றம் போகும், பின்பக்கம் காலியாகும், கையில் நாலு காசு வரும், சண்டை ஓயும். போதும்டா சாமி என்றிருந்தது.

"குடுத்துடு" என்றேன்.

குப்பைக்காரனுக்கு ஏதோ எடுத்துப் போடச் சொல்கிற குரலில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அதான் சொல்லிட்டாங்களே" என்றார் வந்தவரிடம்.

வியாழக்கிழமை விடியற்காலை லாரி வந்தது. படுதாவை மாட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பனிக்கு அது மறுபடியும் நாலு நூல் சுருங்கியிருந்தது. நான் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தேன். "ஒரு அரை மணி இருமே, ரெண்டு பேரா போட்டா சீக்கிரம் ஆவும்" என்றார். "ட்ரெயின் பூடும். எரியப்போறதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் நேர்த்தி? ரெண்டு பட்டன் போட்டா போதாதா?" என்று சொல்லிவிட்டு நடந்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். அவர் தனியாகக் குனிந்து, ஆவி பறக்கிற துண்டை ஓரத்தில் விரித்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர்கள் பீடி பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஓடிப் போயிருக்கலாம். அரைநாள் சம்பளம் போயிருக்கும், அவ்வளவுதான். நான் போகவில்லை.

சாயங்காலம் வந்தபோது பின்பக்கம் வெறிச்சென்று இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை. அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "இருவத்திரெண்டும் ஒக்காந்துச்சு" என்றார். "ஒரு சுருக்கம் இல்ல." நான் சோறு வடிக்கப் போய்விட்டேன். ஒன்றாம் தேதி, நான் எழுப்பாமலே எழுந்து, ஆணியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

படம் எப்போது வந்தது, ஓடியதா இல்லையா, எங்களுக்குத் தெரியாது. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே ஆள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். என் வீட்டுக்காரர் ராத்திரி டியூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தார், சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வந்தவருக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். சீன் பிரமாதமாக வந்துவிட்டதாம். இன்னொரு கம்பெனியில் அதே மாதிரி ஒன்று கேட்கிறார்களாம், முடிந்தால் இரண்டு. "காக்கிய கயட்டி வீசு அண்ணாத்தே. இனிமே உனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்ல."

"முடியாதுங்க. அச்சு ஒடஞ்சிபோச்சி" என்றார் இவர்.

அச்சு பின்சுவரில் இரண்டு பாதியாக, ஒரு கீறல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. என் இரண்டு புடவை அதன்மேல் காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் இருந்து எட்டிப் பார்த்தாலே தெரியும். வந்தவர் நம்பாமல் என் பக்கம் திரும்பினார். "அண்ணி, நீங்க சொல்லுங்க. போன தபா நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க, காரியம் முடிஞ்சிது."

கதவை மறைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"ஆமாங்க" என்றேன். "நான்தான் ஒடச்சேன்."

வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு பின்பக்கம் போய், காய்ந்த புடவைகளை எடுத்து மடித்துக்கொண்டு வந்தார்.